மஞ்சள் நூல் கட்டிய காயில்கள்

என் கை இப்போது நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். சோறு பிசைகிறேன், துணி பிழிகிறேன், ஜாக்கெட் கொக்கியை நானே மாட்டிக்கொள்கிறேன். வலது கை மோதிர விரல் மட்டும் கொஞ்சம் கோணல். முடக்குவாதம் என்றால் என்ன, என்னென்ன சோதனை செய்வார்கள், மெடிக்கல் போர்டில் என்ன கேட்பார்கள் என்று எங்கள் தெருவில் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்றும் கூடவே வந்துவிட்டது. பேர்களையும் நூலின் நிறத்தையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நாங்கள் கர்நாடகத்து ஹனூர் பக்கத்துத் தமிழர்கள். கல்யாணமான கையோடு மைசூருக்கு வந்தோம். அவர் கட்டட மேஸ்திரி. நான் மைசூர் ஹெப்பாளில் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் காயில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். செம்புக் கம்பியை அச்சில் மாட்டி, ஒரு கையால் பிடியைச் சுழற்றி, மறு கை விரல்களால் கம்பியை இழுத்துப் பிடித்து, சுற்று தப்பாமல் சுற்ற வேண்டும். பார்க்க எளிதாக இருக்கும். விரலுக்குத்தான் தெரியும்.

சுற்றி முடித்த காயில் பிரிந்துவிடாமல் நான்கு இடத்தில் நூலால் கட்டுவோம். மூன்று கட்டு வெள்ளை நூல். நாலாவது அவரவர் நிறம். நாளைக்கு மோட்டார் புகைந்துபோனால் யார் சுற்றியது என்று பிடிக்க வேண்டுமே, அதற்காக. என் நிறம் மஞ்சள். எதிரில் உட்காருகிற ரத்னாவின் நிறம் நீலம். அவளும் தமிழ்க்காரி, சாமராஜநகரத்திலிருந்து வந்தவள், என்னைவிட நான்கு வயது சின்னவள். ஒரு நாளைக்கு ஆளுக்கு அறுபது காயில் சுற்ற வேண்டும். ரத்னா எண்பத்தைந்து சுற்றுவாள். பேசிக்கொண்டே சுற்றுவாள். எங்கள் மேஜையில் அவள் அளவுக்குக் கை ஓடுகிறவர்கள் யாரும் இல்லை.

எனக்கு வலி மோதிர விரலில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெந்நீரில் முக்கி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இளகும். கம்பி இழுத்து இழுத்துத்தான் என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன். பிறகு இரண்டு மணிக்கட்டும் வீங்கின. பிறகு முட்டி. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்க ஆரம்பித்தேன். தொழிலாளர் காப்பீட்டு டிஸ்பென்சரியில் ஒரு வருஷம் வலி மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவேன்.

ஒரு வருஷம் கழித்து அங்கே புதிதாக வந்த இளம் டாக்டரம்மா என் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு சோதனை ரொம்ப எளிது. ரத்தத்தை ஒல்லியான கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளப்பார்கள். உடம்பில் எங்கேயோ வீக்கம் எரிந்துகொண்டிருந்தால் சீக்கிரம் இறங்குமாம். எனக்கு அது விழுந்தடித்துக்கொண்டு இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் விரல் எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்திருந்தது. உடம்பைக் காவல் காக்கிற சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டைக் கடிக்கிறது, இதுதான் முடக்குவாதம் என்று டாக்டரம்மா சொன்னார். காவல் நாயே வீட்டுக்காரரைக் கடித்த கதைதான்.

"ஆறு மாசமாவது இந்தக் கைக்கு வேலை குடுக்கக் கூடாது," என்றார் கன்னடத்தில். "மருந்து பிடிக்கணும்னா ரெஸ்ட் வேணும். இல்லைன்னா விரல் கோணினது கோணினதுதான். அப்புறம் நிமிராது."

ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் எப்படி இருப்பது? அதற்கும் வழி சொன்னார். நீண்ட நாள் நோய் என்று காப்பீட்டு மெடிக்கல் போர்டு சான்று கொடுத்தால், வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு வரும், வேலையும் போகாது. மனு எழுதிக் கொடுத்தோம். கூப்பிடுவார்கள், காத்திருங்கள் என்றார்கள். நான்கு மாதம் காத்திருந்தேன். அந்த நான்கு மாதமும் வேலைக்குப் போனேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், மகள் கவிதா ஒன்பதாம் வகுப்பு.

நூல் கதை அங்கேதான் ஆரம்பித்தது. என்னால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. அதனால் நூல்கண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கவிதா வீட்டுப்பாடம் முடித்துவிட்டு, ஒரு சாண் அளவுக்கு மஞ்சள் நூலை வெட்டி வெட்டி டிபன் பாக்ஸ் மூடியில் வைப்பாள். "சாக்கா, இன்னும் பேக்கா?" என்பாள், போதுமா, இன்னும் வேண்டுமா என்று கன்னடத்தில். போதும் என்று சொல்வேன்.

முதல் வாரம் அந்த நூலை நானே கட்டினேன். இரண்டாவது வாரம் என் காயில் நாற்பதைத் தாண்டவில்லை. ரத்னா எதிரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோது என் டிபன் பாக்ஸ் மூடியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"என்னடி பண்றே?" என்றேன்.

"சும்னே இரு அக்கா. எனக்குத்தான் கை மிச்சமா ஓடுதே."

அறுபதுக்கு மேல் அவள் சுற்றிய காயில்களில் மஞ்சள் நூல் கட்டி என் கூடையில் போட்டாள். அன்றைக்கே கவிதாவிடம் இதைச் சொன்னேன். தன் கையே தனக்குதவி என்பார்கள். எனக்கு ரத்னாவின் கை உதவியது. முதலில் இருபது. பிறகு இருபத்தைந்து. வலி ஏற ஏற முப்பத்தைந்து. என் கணக்குச் சீட்டில் தினமும் அறுபது என்றே விழுந்தது. அவள் சீட்டில் அறுபதுக்குக் கீழே விழ ஆரம்பித்தது. அது எனக்குத் தெரியும். மேஜைக்கு ஒரு பெண்ணையே சார்ஜ் ஹேண்டாக, அதாவது மேஜைத் தலைவியாகப் போடப்போகிறார்கள், எண்ணிக்கை பார்த்துத்தான் போடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அதுவும் தெரியும். ஒரு நாளும் அவளிடம் "உன் கணக்கு என்னடி ஆச்சு?" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்ற பயம்தான். தினமும் காலையில் டிபன் பாக்ஸ் மூடியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தது நான்தான்.

ஒரு நாள் கம்பெனி பஸ் படியில் ஏற முட்டி மடங்கவில்லை. காய்ச்சலும் இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

எட்டுக் கட்டில் போட்ட பெண்கள் வார்டு. காலையில் கஞ்சி, பிறகு ஊசி, பிறகு மெழுகு. உருக்கின வெதுவெதுப்பான மெழுகில் இரண்டு கையையும் முக்கி எடுத்து, துணி சுற்றி வைப்பார்கள். அந்த அரை மணி நேரம்தான் நாள் முழுவதிலும் கைக்குச் சுகம். வாரம் ஒரு தங்க ஊசி என்றும் எழுதினார்கள். நிஜமாகவே தங்க உப்பு கலந்த மருந்து. ஆஸ்பத்திரியில் இருப்பில்லை, வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டு வந்தார். பிறகு, "கழுத்துல போடத்தான் முடியல அம்மிணி, இடுப்புலயாவது போட்டுக்கோ," என்றார். அந்த மாதம் அவர் இரண்டு இடத்தில் வேலை எடுத்தார். சாயங்காலம் சிமெண்ட் தூசியோடு வந்து என் தலையை வாரிப் பின்னிவிடுவார். கட்டட வேலைக் கை, பின்னல் செங்கல் அடுக்கினமாதிரி இறுக்கமாக இருக்கும். வார்டே சிரிக்கும். அவர் அசர மாட்டார்.

பக்கத்துக் கட்டில் மேரி அக்கா. ஊதுபத்தி பாக்கெட் போடும் வேலை, பதினைந்து வருஷம் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. இரண்டு முறை போர்டு பார்த்தவர். எனக்கு நாள் குறித்துக் கடிதம் வந்ததும் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"தலைக்கு எண்ணெ வெக்காத. வளையல் கழட்டிரு. பழைய சீலை கட்டு. டாக்டர் கைய நீட்டுன்னா பாதி நீட்டி அம்மான்னு கத்து. மொத தடவ நான் பூ வெச்சுட்டுப் போனேன், நல்லாத்தானே இருக்கேன்னு அனுப்பிட்டாங்க."

"வேஷம் கட்டிப் பணம் வாங்கோணுமாக்கா? எனக்கு நெசமாவே வலிக்குது," என்றேன்.

"நெசம் வெளிய தெரியோணுமில்ல," என்றார் அவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போர்டு நாளன்று என் வீட்டுக்காரரை அதிகாலையிலேயே வரச் சொல்லி, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னச் சொன்னேன். நல்ல சேலை. வளையலை வீங்கின மணிக்கட்டில் ஏற்ற முடியவில்லை. சோப்பு போட்டு ஏற்றினார். பொய் சொல்லி ஒரு பைசா வாங்க மாட்டேன் என்று வார்டுக்கே கேட்கிறமாதிரி சொல்லிவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வராந்தா பெஞ்சில் மூன்று மணி நேரம். ஒரு கால் இல்லாதவர் ஒருவர், இயந்திரத்தில் விரல் போன பையன்கள் இரண்டு பேர், நான். கையும் காலும் முழுதாக வைத்துக்கொண்டு அந்த வரிசையில் உட்காரவே கூச்சமாக இருந்தது. விரல் போனவனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. என் வலியை நான் சொன்னால்தான் உண்டு.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த பெரியவர் நல்ல மனிதர், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையை மடக்கச் சொன்னார், மடங்கவில்லை. கத்தவும் இல்லை. பிறகு கம்பெனியிலிருந்து வந்த தாள்களைப் புரட்டினார். புருவம் சுருங்கியது.

"அறுபது. அறுபது. அறுபது. அட்மிட் ஆனதுக்கு முந்தின நாளும் அறுபது," என்று கன்னடத்தில் வாசித்தார். "இந்தக் கையாலா, அம்மா? இந்த எக்ஸ்ரே நிஜமா, இந்தத் தாள் நிஜமா?"

என் வேலைத் திறன் ஒரு துளியும் குறையவில்லை என்று கம்பெனி எழுதியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேர்த்தியாக மறைத்திருந்தோம். வலியோடு வேலைக்குப் போனதற்கே இது தண்டனையா என்று இருந்தது. சான்று கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் அச்சின் முன்னால் உட்கார வேண்டும், விரல் கோணிப்போகும். நான் வாயைத் திறந்தேன்.

"தாள்தானுங்க பொய். பாதி காயிலை ரத்னாதான் சுத்தினா. என்ற நூலைக் கட்டி என்ற கூடையில போட்டுட்டா."

ஓரத்தில் இருந்த கிளார்க் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். பெரியவர் என்னையே பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரிஞ்சு நடந்ததா, தெரியாமலா? தெரிஞ்சு நடந்திருந்தா மோசடின்னு எழுதி, மனுவைத் திருப்பி அனுப்பணும். எனக்கு வேற வழியில்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை.

"தெரியாதுங்க," என்றேன். "அவளாத்தான் பண்ணியிருக்கா."

கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார்கள். விரல் பிடிக்கவில்லை. பத்தாவது பாஸ் பண்ணின நான் அந்தத் தாளில் கைநாட்டு வைத்தேன்.

சான்று கிடைத்தது. ஆறு மாதம். என் வீட்டுக்காரர் வராந்தாவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வார்டில் மேரி அக்காவுக்கு ஆச்சரியம். "எண்ணெ வெச்சுட்டுப் போயும் குடுத்துட்டாங்களா? நீ அதிர்ஷ்டக்காரி," என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கவிதா இட்லி கொண்டுவந்தாள். போர்டில் நடந்ததை அவளுக்கு அவள் அப்பா பெருமையாகவே சொல்லியிருக்கிறார், அம்மா சாமர்த்தியமாகப் பேசிவிட்டாள் என்று. அவள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு என் வாய்க்குக் கொண்டுவந்தவள் நிறுத்தினாள்.

"அம்மா, உனக்குத் தெரியாதுன்னு சொன்னியா? அப்ப நான் வெட்டிக் குடுத்த நூலெல்லாம்?"

நான் வாயைத் திறந்து இட்லியை வாங்கிக்கொண்டேன். பதில் சொல்லாமல் இருக்க அது ஒரு வழி. அவள் மறுபடி கேட்கவில்லை. கடைசி வாய் வரைக்கும் பொறுமையாக ஊட்டினாள்.

போர்டு எழுதியது கம்பெனிக்குப் போயிற்று. அங்கே விசாரணை வைத்தார்கள். இன்னொருத்தர் நிறத்தைக் கட்டுவது பெரிய குற்றம், பழுது வந்தால் பழி மாறிவிடும் அல்லவா? ரத்னாவை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். சார்ஜ் ஹேண்ட் பதவி வேறொருத்திக்குப் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் வீதியில் இருக்கிற இன்னொரு காயில்காரிதான் வந்து இதையெல்லாம் சொன்னாள். விசாரணையில் ரத்னாவிடமும் அதே கேள்வியைக் கேட்டார்களாம். உன் சிநேகிதிக்குத் தெரியுமா என்று. என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கேட்டார்களாம். அப்படியும் ரத்னா, "அக்காவுக்குத் தெரியாதுங்க," என்றாளாம்.

அந்த ஆறு மாதமும் நான் குற்றவாளியாகத்தான் ஓய்வெடுத்தேன். மாதா மாதம் பணம் வந்தது. மருந்து பிடித்தது. வீக்கம் வடிந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தண்ணீர்க் குழாய்க்கும் அவர் நீளக் கைப்பிடி போட்டார், விரல் வேண்டாம், மணிக்கட்டால் தட்டினால் திறக்கும். கவிதா எனக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். கை சரியாக ஆக ஆக மனசு கெட்டுப்போனது. இரண்டு முறை ரத்னா வீட்டுக்குக் கிளம்பினேன். ஒரு முறை பஸ் ஸ்டாப் வரை, ஒரு முறை அவள் தெரு முனை வரை. அதற்குமேல் போகக் கால் வரவில்லை. முட்டி வலி என்று வீட்டில் சொன்னேன். அன்றைக்கு முட்டி வலிக்கவே இல்லை.

ஆறு மாதம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், காயில் சுற்ற வேண்டாம், பரிசோதனை மேஜையில் உட்காரச் சொன்னார்கள். மஞ்சள் நூலைப் புதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ரத்னா நிமிரவில்லை. அடித்ததும் அவளே என்னிடம் எழுந்து வந்தாள்.

"கைய நீட்டுக்கா."

நீட்டினேன். ஒவ்வொரு விரலாக மடக்கினாள், நிமிர்த்தினாள். மோதிர விரலில் மட்டும் நின்று, கோணலைத் தடவிப் பார்த்தாள். இரண்டு கையும் முடித்துவிட்டு, "பரவாகில்ல. நல்லா மடங்குது," என்றாள். கையைப் பார்த்துத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரத்னா, நான் மேனேஜருகிட்ட எழுதிக் குடுத்தர்றேன். எனக்குத் தெரியும், நூலைக் குடுத்ததே நாந்தான்னு. நாளைக்கே குடுத்தர்றேன்."

"குடுத்தா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அந்த எடம் எனக்கு வராது, அது குடுத்தாச்சு. நானும் பொய் சொன்னேன்னு மறுக்கா ஆபீசுல நிக்கோணும். உன்ற மனசு மட்டும் லேசாகும். அதுக்கு நான் எதுக்குக்கா திரும்பவும் சுமக்கோணும்?"

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், வேறு பெண்களோடு உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

அவள் சொன்னபடியே நான் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது என் வேலை, வருகிற காயில்களை எடுத்து, மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்து, நிறவாரியாக எண்ணி வைப்பது. நீல நூல் கட்டிய காயில் ஒரு நாளைக்கு எண்பத்தைந்து வருகிறது. ஒன்றுகூடப் பழுது இல்லை. அறுபது வரை சும்மா எண்ணுகிறேன். அறுபத்தொன்றிலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்து வைக்கும்போது, போர்டில் சொல்லாததை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். தெரியும். தெரியும். தெரியும்.